சென்டர் குந்தமாட்டான்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் குந்தமாட்டான். "குந்துங்க மகன்" என்று வீட்டுக்காரி கதிரையை இழுத்துப் போடுவாள். "இல்ல மாமி, இந்தா போறன்" என்று நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போகவும் மாட்டான். நின்றபடியே ஊர்க்கதை எல்லாம் கதைப்பான், தேத்தண்ணி குடிப்பான், இன்னொரு கோப்பையும் கேட்பான். ஆறரை அடி மனிசன் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வருமா? என் மாமா கல்முனைக் கடைத்தெருவில் பாமசி வைத்திருந்தவர். நான்தான் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பேன். சென்டர் வந்து கதைத்துவிட்டுப் போனால் மாமா பின்கழுத்தைத் தடவிக்கொண்டு, "இவனோட கதைக்கிறதெண்டா ஏணி வெச்சித்தான் கதைக்கணும், எனக்குக் கழுத்துச் சுளுக்கிட்டு" என்பார்.

அவனுடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு அது யாரென்று விளங்காது. எங்களுக்கு அவன் சென்டர். பள்ளிவாசல் மோதினாரும் சென்டர் என்றார், மீன்காரனும் சென்டர் என்றான். பெற்ற உம்மாவே வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எங்கட சென்டர் இஞ்சால வந்தானா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பந்து விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாஸ்கட்போலில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது, களவாகப் பறிப்பது, தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் என்னைப் போன்ற கட்டையன்களின் வேலை. சென்டரின் வேலை ரிங்குக்குக் கீழே நிற்பது. எதிர்ப்பக்கத்து நெட்டையன் முட்டுவான், முழங்கையால் விலாவில் குத்துவான், காலை மிதிப்பான். முதுகைக் கொடுத்து நிற்கவேண்டும். பந்து போர்டில் பட்டு விழும் நேரம் அந்த இடம் நம்முடையதாக இருக்கவேண்டும். பாடசாலை அணியில் நானும் அவனும் ஒன்றாக விளையாடினோம். நான் எறிந்து தவறுகிற பந்தையெல்லாம் அவன்தான் பொறுக்கிக் கூடைக்குள் போடுவான். "மச்சான், நீ குறி பாக்கத் தேவல்ல. சும்மா மேல எறி, மிச்சத்த நான் பாக்கன்" என்பான். அந்தக் காலத்தில் என்ன பாய்ச்சல்! ரிங்கை அவன் ஒரு கையால் பிடித்துத் தொங்கினால், மதில்மேல் ஏறியிருக்கும் சனமெல்லாம் ஹோவென்று கத்தும்.

எங்கள் நாட்டில் பந்து விளையாடிப் பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. கொழும்பில் பெரிய கம்பனிகள் தங்களுக்குள் போட்டி வைக்கும். அதற்காக ஆள் தேடிப் பிடித்துக் கந்தோரில் ஒரு மேசை கொடுக்கும். காலையில் மேசை, பின்னேரம் கோர்ட். அப்படித்தான் ஒரு கம்பனி எங்கள் ஆளைக் கொண்டுபோனது. "கந்தோரில என்ன வேல மச்சான்?" என்று கேட்டேன். "மேல் தட்டில இரிக்கிற பைலெல்லாம் எடுத்துக் குடுக்கன்" என்றான். பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொன்னான். அணியில் இருக்கும்வரைதான் அந்த மேசை. போட்டிக்காலம் தொடங்க முந்தி கோச் எல்லாரையும் விளையாடவிட்டுப் பார்ப்பார். நின்றுபிடிக்கிறவனுக்குச் சம்பளம், மற்றவன் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அந்தச் சம்பளத்தில் என்ன தொங்கியது என்பது எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லாமலே விளங்கும். எங்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே கல்யாணத்துக்கு நிற்கிற குமருக்கு வீடு வேண்டும். வீடில்லை என்றால் மாப்பிள்ளை வாசலுக்கும் வரமாட்டான். வாப்பா கட்டுவார். வாப்பா இல்லையென்றால் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, கட்டுவான், கட்டி முடிக்கும்வரை தன் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்க ஏலாது. சென்டரின் வாப்பா, பிரச்சினை தொடங்கின காலத்தில் வயல் பார்க்க மேற்கே போனவர், திரும்பி வரவில்லை. அடக்கம் செய்ய மையத்தும் கிடைக்கவில்லை. வீட்டில் மூன்று குமர். மூத்த இரண்டு தங்கச்சிகளுக்கும் அவன் வீடு கட்டிக் கரைசேர்த்துவிட்டான். இளையவளின் வீட்டுக்குச் சுவர் எழும்பி, கூரை போட ஆயத்தமான நேரத்தில்தான் முழங்கால் போனது.

அந்த மட்சை நான் பார்த்தேன். மருந்து எடுக்க மாதத்தில் ஒருதரம் கொழும்புக்குப் போவேன், போனால் அவனுடைய அறையில்தான் படுப்பேன். அன்றைக்குப் பந்துக்குப் பாய்ந்தவன் இன்னொருத்தனின் பாதத்தில் வந்து இறங்கினான். வலது கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். தானாகவே எழும்பினான், காற்சட்டையைத் தட்டினான், போய் ரிங்குக்குக் கீழே நின்றான். மட்ச் முடியும்வரை நின்றான். அறைக்கு வந்து பார்த்தால் முழங்கால் பணிஸ் மாதிரி ஊதிக் கிடக்கிறது. அடுத்த நாள் ஒரு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே சவ்வு கிழிந்து சுருண்டு கிடக்கிறது என்றார் அவர். நிற்கலாம், நடக்கலாம், பார்த்துப் பார்த்து ஓடலாம். முழுதாக மடித்துக் குந்தினால் அந்தச் சவ்வு இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும், பிறகு கால் நிமிராது. ஒபரேஷன் செய்தால் குணமாகும், ஆனால் நீண்ட காலம் பந்தை மறந்துவிட வேண்டும்.

வெளியில் வந்து ரோட்டோரம் நின்று யோசித்தான்.

"ஒபரேசன் செஞ்சா கம்பனி காத்திட்டிரிக்குமா மச்சான்?"

"கம்பனி என்ன உன்ட உம்மாவா, காத்திட்டிரிக்க?"

"அப்ப கூரையப் போட்டுட்டு வெட்டுவம். நீ ஒத்தருக்கும் சொல்லாத. உம்மாக்கும் சொல்லாத. கம்பனியில நம்மட ஊராக்கள் வேல செய்றாங்க. கல்முனையில தும்மினா கொழும்பில கேக்கும்."

அன்றிலிருந்து அவன் பாய்வதை நிறுத்திவிட்டான். வெறுமனே இடத்தைப் பிடித்து நிற்பான், நீண்ட கையை உயர்த்துவான், வருகிறவன் தானாக வந்து மோதி விழுவான். கோச்சுக்கு என்ன சந்தோசம் தெரியுமா! "இப்போதுதான் இவன் மூளையால் விளையாடுகிறான். பாய்ந்து பாய்ந்து உடம்பை வீணாக்குகிறவர்கள் இவனைப் பார்த்துப் படியுங்கள்" என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தார். நான் அறையில் வந்து சிரி சிரி என்று சிரித்தேன். அவன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, நான் கொடுத்த களிம்பைப் பூசியபடி, "நினைக்கட்டும் மச்சான்" என்றான்.

இந்த 'நினைக்கட்டும்' என்ற சொல்லைத்தான் அவனிடம் அதிகம் கேட்டேன். காலைத் தவிர வேறு எதை நினைத்தாலும் அவனுக்குச் சம்மதம். கொழும்பிலிருந்து கல்முனை மட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவான். குந்தினால் அந்த நெட்டைக் கால் முன்சீட்டில் இடித்து மடியும். யாராவது பொம்பிளை ஏறினால் தன் சீட்டைக் காட்டுவான். "இந்தக் காலத்திலயும் இப்பிடிப் புள்ள இரிக்கிதா, உன்னப் பெத்த வயிறு குளிரட்டும் மகன்" என்று ஒரு மூத்தம்மா தலையைத் தடவ எட்டி, எட்டாமல் இடுப்பைத் தடவிவிட்டுப் போனா.

நல்லதாக நினைத்தால் பரவாயில்லை. ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வரும்போது ஆமிச் சென்றியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆம்பிளைகள் எல்லாம் ரோட்டோரம் வரிசையாகக் குந்தவேண்டும். நாங்கள் குந்திவிட்டோம். அவன் மட்டும் நிற்கிறான். ஒரு சின்ன வயசு ஆமிக்காரன் குந்தச் சொல்லிக் கத்துகிறான். சென்டர் அசையவில்லை. துவக்கு உயர்ந்தது. யா அல்லாஹ்! சொல்லித் தொலைப்போம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் இரண்டு கையையும் மேலே தூக்கினான், அப்படியே முன்பக்கம் சாய்ந்து, தார் ரோட்டில் நீட்டி நிமிர்ந்து குப்புற விழுந்தான். முழங்காலை மடிக்காமல் கீழே போக அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆமிக்காரன் பயந்து பின்னால் பாய்ந்தான், பிறகு சிரித்தான், மற்ற ஆமிக்காரர்களும் சிரித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

பஸ் ஊருக்கு வந்து சேர முந்தியே கதை வந்து சேர்ந்துவிட்டது. சென்டர் துவக்கைக் கண்டு மயங்கி விழுந்தானாம், காற்சட்டை நனைந்ததாம். தேத்தண்ணிக் கடையில் ஒருவன் அவனைப் போலக் கையைத் தூக்கி விழுந்து காட்டினான், சனம் சிரித்தது. எனக்கு அவன்ட பல்லை உடைக்கவேணும் போல் இருந்தது.

"விடு மச்சான், நினைக்கட்டும்" என்றான் சென்டர். நாடியில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. "பயந்தவன் எண்டுதானே நினைக்காங்க. காலில்லாதவன் எண்டு நினைக்கல்லயே."

ஆனால் பள்ளிவாசல் விசயம் அப்படி விடுகிற விசயமில்லை. லீவில் வந்து நிற்கும் நாட்களில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். எப்படி வருவான்? தொழுகை என்றால் நிற்பது மட்டுமா? குனியவேண்டும், நெற்றி நிலத்தில் படச் சுஜூது செய்யவேண்டும், காலை மடித்து இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னால் எங்கள் ஊரில் கடைப்பலகை எல்லாம் விழுந்துவிடும், ரோட்டில் காகம் கூட இராது. அந்த நேரத்தில் இவன் எங்கே என்று ஒருவர் கேட்டார், நாலு பேர் கேட்டார்கள். கொழும்புத் தண்ணி ஏறிவிட்டது என்றார்கள். பிறகு அந்தத் தண்ணி வேறு தண்ணி என்றார்கள்.

அந்தக் காலத்தில்தான் இளையவளுக்கு மருதமுனையிலிருந்து ஒரு இடம் பேசிவந்தது. மாப்பிள்ளையின் வாப்பா நெசவுச்சாரன் வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார். நல்ல மனிசன், ஆனால் பிடித்த பிடி. வீட்டின் சுவரைச் சுற்றிப் பார்த்தார், திருப்தி. கூரை எப்போது ஏறும் என்று கேட்டார், சென்டரின் அடுத்த வருடச் சம்பளத்தில் என்று உம்மா சொன்னா, அதற்கும் தலையாட்டினார். கடைசியாக, "நாங்க எங்கட புள்ளய உங்கட வீட்டுக்கு அனுப்புறம். அவன் இருக்கப்போற வீட்டில ஆம்பிள எண்டு இரிக்கிறது மச்சான்காரன் ஒத்தர்தான். அவர் தொழுவாரா?" என்று கேட்டுவிட்டார். உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டா.

அந்தக் கேள்வி வந்த நாள் பின்னேரம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவன் வழக்கம்போல நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இளையவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாய்க்காரி, ஆனால் காக்கா மேலே உயிர். கோப்பையை நீட்டியபடியே கேட்டாள்.

"காக்கா, நீங்க கொழும்பில குடிக்கிறீங்களா?"

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டே கேட்டான். "ஆருடி சொன்ன?"

"ஊரே கதைக்குது. நீங்க வெள்ளிக்கிழமையும் பள்ளிக்குப் போறல்ல. போனா என்ன காக்கா, கால் தேஞ்சிருமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். நாளைக்குப் போகிறேன் என்றோ என்னவோ முணுமுணுத்தான். அவள் விடவில்லை. "எனக்கு வீடு வேணாம், மாப்பிள வேணாம், ஒண்டும் வேணாம். தொழுற காக்கா ஒத்தர் இருந்தாக் காணும் எனக்கு" என்று அழுதுகொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அடியே, உன்ட வீட்டுச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் உன் காக்காவின் கால் என்று கத்தவேணும் போல் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேனே!

அவன் வெளியில் இறங்கி நடந்தான். வளவின் மறுபக்கத்தில்தான் அந்தக் கூரையில்லாத வீடு. அஸர் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நானும் பின்னால் போனேன். ஊர் நினைத்தது, அவன் அங்கே போவது மேசன் வேலை பார்க்க, அல்லது ஒளித்துச் சிகரட் குடிக்க என்று. உள்ளே அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சீமெந்துக் கற்களை அடுக்கி அதன்மேல் இருந்தான். வலது கால் நேராக நீட்டிக் கிடக்கிறது. முகம் கிப்லாவுக்கு. கை கட்டியிருக்கிறது. ஐந்து வக்தும் அந்தச் சுவர்களுக்குள்தான் தொழுதிருக்கிறான் மனிசன்.

தொழுது முடியும்வரை காத்திருந்தேன். "விசர் புடிச்சவனே," என்றேன், "இதையே பள்ளியில ஒரு கதிரையில இருந்து செஞ்சா என்ன? நோயாளிக்கு மார்க்கத்தில சலுக இரிக்கிதானே?"

"சலுக அல்லாஹ்ட்ட இரிக்கி மச்சான். சனத்திட்ட இல்ல." கற்களில் கையூன்றி எழும்பினான். "நான் கதிரையில இருந்தா என்ன நடக்கும் சொல்லு? இவன்ட கால் போயிட்டு எண்டு பாத்தவுடன விளங்கிரும். கம்பனிக்கும் தெரிஞ்சிரும். பிறகு கூரை எங்க? கூரை இல்லாத வீட்டுக்கு ஹாஜியார் மகன அனுப்புவாரா?"

"தொழாதவன்ட வீட்டுக்கு மட்டும் அனுப்புவாரா?"

கதிரையில் இருந்தால் கூரை போகும், பள்ளிக்கே போகாமல் இருந்தால் மானம் போகும், இரண்டிலும் மாப்பிள்ளை போவான். அவன் மேலே திறந்து கிடந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாய்க்கு வந்தபடி எல்லாரையும் ஏசினேன், கம்பனியை, ஹாஜியாரை, டொக்டரை, பந்தைக் கண்டுபிடித்தவனை. ஏசி என்ன கிடைத்தது?

இரண்டு நாள் கழித்துக் கல்யாணத் தரகர் வந்து சொன்னார், இந்த வெள்ளி ஹாஜியார் எங்கள் பள்ளியில்தான் ஜும்ஆத் தொழ வருகிறாராம். என்னத்துக்கு வருகிறார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதற்கடுத்த வாரம் கோச் ஆட்களைப் பார்த்துத் தெரிவு செய்கிற வாரம், சென்டர் கொழும்பில் நிற்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பாமசிக்கு வந்தான்.

"மச்சான், இறுக்கிக் கட்டிவிடு. நோவுக்கு நல்லதா ஏதாவது தா."

"என்ன செய்யப்போறாய்?"

"எல்லாரையும் போல தொழப்போறன்."

"மடிச்சா நிமிராது எண்டு டொக்டர் சொன்னது மறந்திட்டா? வாற கிழம எந்தக் காலோட போய் நிக்கப்போறாய்?"

"ரெண்டே ரெண்டு ரக்அத்து மச்சான். எத்தின மட்ச் நிண்டிரிக்கன், இதில நிக்கேலாதா?"

நான் கட்டினேன். இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பான், அங்கே கதை வெளியில் வந்திருக்கும். மாத்திரையும் கொடுத்தேன். அந்த வெள்ளிக்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பனி மேசை வேறொரு நெட்டையனுக்குப் போனது. பிறகு அவன் கட்டாருக்குப் போனான், ஒரு பெரிய கடையின் வாசலில் கோட் போட்டு நிற்கிற வேலை என்று கேள்வி. அங்கேயாவது ஒரு கதிரை கொடுத்தார்களோ தெரியாது.

பள்ளிக்கு அவனும் நானும் சனம் சேர முந்தியே போனோம். முன்வரிசையில், முதல் சப்பில், தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். தூணில் சாய்ந்து மெல்ல இறங்கி, காலை நீட்டி, மேலே சால்வையை விரித்துக்கொண்டான். பின்னால் சனம் நிரம்பிக்கொண்டு வந்தது. ஒருவர் ஒருவராகக் காதைக் கடிப்பது எனக்குக் கேட்டது. சென்டர் வந்திரிக்கான், சென்டர் வந்திரிக்கான். ஹாஜியார் எங்களுக்குப் பின் சப்பில் வந்து இருந்தார்.

குத்பாப் பிரசங்கம் முடிந்து எழும்பினோம். என் தோள் அவன் இடுப்புக்கு மேலே கொஞ்சம். தக்பீர் கட்டி, குனிந்து, நிமிர்ந்து, சுஜூதுக்குப் போனோம். பக்கத்தில் அவன் மூச்சு சீறியது. தொழுகையில் கவனம் வைக்க எங்கே முடிந்தது எனக்கு! இரண்டாம் சுஜூதிலிருந்து எழும்பும்போது அவன் கை தரையைப் பிறாண்டியது. தூணைப் பிடிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், பின்னால் ஹாஜியாரின் கண் இருக்கிறது. எப்படியோ எழும்பிவிட்டான். அல்ஹம்துலில்லாஹ், ஒன்று முடிந்தது என்று நான் மனதுக்குள் சொன்னேன். இரண்டாம் ரக்அத்தின் கடைசி சுஜூது முடிந்து காலை மடித்து இருக்கும்போது, அவன் முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் சத்தம் போடவில்லை. ஸலாம் கொடுக்கும்போது முகத்தை என் பக்கம் திருப்பினான். தாடியெல்லாம் கண்ணீர்.

இமாம் துஆ ஓதினார், ஆமீன் சொன்னோம், சனம் எழும்பிக் கலைந்தது. அவன் எழும்பவில்லை. மடிந்த கால் மடிந்தபடி சிக்கிவிட்டது. தலை தொங்கிக்கிடக்க, இரண்டு கையும் மடியில் விரிந்து கிடக்க, உடம்பு குலுங்கக் குலுங்க அப்படியே இருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஒரு கை. ஹாஜியார். குனிந்து, பள்ளிக்குள் சத்தம் போடக்கூடாது என்று மெல்லிசாகக் கதைத்தார்.

"புள்ளயக் குழப்பாதீங்க தம்பி. இருக்கட்டும். நானும் அப்பவே புடிச்சிப் பாத்திட்டுத்தான் இரிக்கன். இந்த வயசில அல்லாஹ்வுக்குப் பயந்து இப்பிடி அழுவுற ஒரு புள்ளய நான் காணல்ல." அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ஊர்ச்சனம் என்னென்ன கதையெல்லாம் கதைச்சிச்சி, அஸ்தக்ஃபிருல்லாஹ். எங்களுக்குப் பூரண சம்மதம் எண்டு சொல்லுங்க. கூரையப் பத்தி யோசிக்க வேணாம், அத நாங்க போடுறம். நிக்காஹ்வ வாற மாசமே முடிப்பம்."

நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் சென்டரின் முதுகைப் பார்த்தபடியே, காலடிச் சத்தம் கேட்காமல் வெளியேறினார். மோதினார் மட்டும் தூரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா?" தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"போயிட்டார்."

"என்ன சொன்னார்?"

"நீ அல்லாஹ்வுக்குப் பயந்து அழுவுறாயாம். சம்மதமாம். கூரையையும் அவங்களே போடுறாங்களாம். வாற மாசம் நிக்காஹ்."

நான் எழும்பி அவன் கக்கத்துக்குள் கையைக் கொடுத்தேன். மோதினாரைத் துணைக்குக் கூப்பிடப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"மச்சான், நான் அழுதது காலுக்குத்தான். அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப கொஞ்சம் பொறு. அவனுக்காகவும் அழுதிட்டு வாறன். பிறகு தூக்கு."